ஜாமீன் கிடைத்தவன் ஏன் உள்ளே இருந்தான்?

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் சட்டக் கல்லூரி மாணவர்கள் சார்பில் ஆற்றிய உரை)



இரண்டு மாதங்களுக்கு முன் இதே இடத்தில் பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்து, "வக்கீலுக்குப் படிக்கிறீங்களே, கோர்ட்டுக்கு உள்ளே போயிருக்கீங்களா?" என்று கேட்டார். நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கல்லூரியில் நடக்கும் மாதிரி நீதிமன்றத்தில் வாதாடிக் கோப்பை வாங்கியிருக்கிறோம். ஐகோர்ட்டுக் கட்டடத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் ஏழை எளியவர்களின் வழக்கு நடக்கிற மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குள் கால் வைத்ததில்லை. அந்தக் கேள்வி எங்களைக் குத்தியது. அதனால்தான் போனோம். போய்ப் பார்த்ததைச் சொல்லத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறோம்.

முதலில் ஒரு செய்தி. நம் வீடுகளில், "எங்க குடும்பத்துல யாரும் கோர்ட்டுப் படி ஏறினது கிடையாது" என்று பெருமையாகச் சொல்வார்கள். குற்றம் செய்தவன் போகிற இடம் அது என்ற எண்ணம். ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 327ஆவது பிரிவும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கிற புதிய சட்டத்தில் 366ஆவது பிரிவும், குற்ற விசாரணை நடக்கும் இடம் பொதுமக்களுக்குத் திறந்த இடம் என்கின்றன. சில வழக்குகளைக் கதவடைத்து நடத்தலாம். பாலியல் வன்முறை வழக்குகள் அப்படித்தான் நடக்கும். மற்றபடி இடம் இருக்கிற வரையில் நீங்களும் போய் உட்காரலாம், நாங்களும் போய் உட்காரலாம். வாசலில் போலீஸ்காரர், "எதற்கு வந்தீர்கள்?" என்று கேட்டார். "கேட்க வந்தோம்" என்றோம். மேலும் கீழும் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். செல்போனை அணைத்து வைக்க வேண்டும், படம் பிடிக்கக் கூடாது, நீதிபதி வரும்போது எழுந்து நிற்க வேண்டும். இதற்கு மேல் ஒரு தகுதியும் தேவையில்லை.

எந்தக் கோர்ட்டு என்று சொல்லப்போவதில்லை. மும்பையில் உள்ள மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைப் பார்த்தால் மற்றதும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும் என்று அங்கேயே பழம் தின்று கொட்டை போட்ட வக்கீல் ஒருவர் சொன்னார்.

வெளியே சுவரில் அன்றைய வழக்குகளின் பட்டியல் ஒட்டியிருந்தது. அதை அங்கே 'போர்டு' என்கிறார்கள். அறுபதுக்கும் மேற்பட்ட வழக்குகள். உள்ளே உயரமான மேடையில் மாஜிஸ்திரேட்; அவருக்குக் கீழே ஷிரஸ்தேதாரும் தட்டச்சு செய்பவரும்; அவர்களுக்கு எதிரே வக்கீல்களின் மேஜை. அதற்கும் பின்னால், சுவரோரமாக, யாருக்காக இத்தனையும் நடக்கிறதோ அந்த ஆள் நிற்கிறான். முன்னால் பேசுவது அவன் காதுக்கு எட்டாது. காற்றாடிச் சத்தத்தில் எங்களுக்கே பாதி கேட்கவில்லை. சினிமாவில் பார்த்த கோர்ட்டு எங்கள் மனசில் இருந்தது. அங்கே எல்லோரும் உரக்கப் பேசுவார்கள். இங்கே வக்கீல் முணுமுணுப்பார், மாஜிஸ்திரேட் தலையசைப்பார், ஷிரஸ்தேதார் கட்டை நகர்த்துவார், பட்டேவாலா அடுத்த பெயரைக் கூப்பிடுவார். ஒரு வழக்கு முடிந்துவிட்டதா, தொடங்கவே இல்லையா என்பது எங்களுக்கு விளங்குவதற்கே ஒரு மணி நேரம் ஆயிற்று.

பெரும்பாலான வழக்குகளில் நடந்தது ஒன்றே ஒன்றுதான்: தாரிக். அதாவது வாய்தா. சாட்சி வரவில்லை, தாரிக். போலீஸ் பேப்பர் வரவில்லை, தாரிக். வக்கீல் வேறு கோர்ட்டில் இருக்கிறார், தாரிக். அந்தச் சொல்லை எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். நாக்காவில் நின்று வேலை பிடிக்கிற ஒருவருக்கு ஒரு தாரிக் என்பது ஒரு நாள் கூலி. மேஸ்திரிக்குக் கோபம் வந்தால் ஒரு வாரக் கூலி.

பதினோரு மணியிலிருந்து உட்கார்ந்திருந்த எங்களுக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. பன்னிரண்டரை மணி சுமாருக்கு ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள். பட்டேவாலா அதை உடைத்து உடைத்து உச்சரித்தபோதே அது நம் பெயர் என்று தெரிந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பையன். காவலர்கள் அழைத்து வந்து நிறுத்தினார்கள். தென்காசிப் பக்கம். சென்ட்ரிங் வேலை. கட்டட வேலை நடந்த இடத்திலிருந்து கம்பி திருடினான் என்று வழக்கு. அன்றைக்கு அவன் மேல் குற்றச்சாட்டைப் படித்துக் காட்டும் நாள். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். விசாரணை தொடங்குவதற்கு முன்னால், "உன் மேல் இன்ன குற்றம் சாட்டப்பட்டிருக்கிறது, ஒப்புக்கொள்கிறாயா, இல்லை விசாரணை வேண்டுமா?" என்று கேட்பார்கள். குற்றச்சாட்டைப் படித்தால் மட்டும் போதாது, அவனுக்கு விளக்கவும் வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டால் சாட்சி வேண்டாம், குறுக்கு விசாரணை வேண்டாம். மாஜிஸ்திரேட் விரும்பினால் அங்கேயே தண்டனை கொடுக்கலாம்.

மராத்தியில் படித்தார்கள். பிறகு இந்தியில், "குன்ஹா கபூல் ஹை க்யா?" என்று கேட்டார்கள்.

பையன், "ஹாங் சாப்" என்றான்.

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் ஒப்புக்கொண்டான் என்பதற்காக அல்ல. அவன் முகத்தைப் பார்த்தோம். பேர் கேட்டதற்கும் அதே "ஹாங் சாப்"தான் சொன்னான். வந்த புதிதில் நம்மில் எத்தனை பேர் அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு இந்த ஊரில் ஆறு மாதம் ஓட்டியிருக்கிறோம்! ரேஷன் கடையில், ரயில் நிலையத்தில், முதலாளி முன்னால், எதற்கும் "ஹாங் சாப்". அங்கெல்லாம் அது பிழைக்கும் வழி. கூண்டுக்குள் நின்று சொன்னால் அது வாக்குமூலம்.

அந்த மாஜிஸ்திரேட்டைப் பற்றி ஒன்றை நியாயமாகச் சொல்லியாக வேண்டும். அறுபது கட்டு மேஜையில் இருக்கிறது. எழுதிவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் பேனாவைக் கீழே வைத்தார். பையனைப் பார்த்தார். "இந்தி புரிகிறதா?" என்றார். "ஹாங் சாப்." "நான் இப்போது என்ன கேட்டேன், சொல்." பையன் தரையைப் பார்த்தான். "என்ன பாஷை?" என்று காவலரைக் கேட்டார். "மதராசி" என்றார் அவர். இந்த ஊரில் நமக்கு இன்னும் அந்தப் பெயர் போகவில்லை. "தமிழ் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?" என்று மாஜிஸ்திரேட் அறையைப் பார்த்துக் கேட்டார்.

உண்மையைச் சொல்கிறோம், உடனே எழவில்லை. பயம். எங்களில் ஒருவர் மற்றவரை இடித்தார். பட்டேவாலா எங்கள் பக்கம் கையைக் காட்டிவிட்டார். அதற்குப் பிறகு வேறு வழியில்லை. எங்களில் மூத்தவர் எழுந்து போனார். உள்ளதை உள்ளபடி மொழிபெயர்ப்பேன் என்று சொல்லவைத்து அவன் அருகில் நிறுத்தினார்கள்.

தமிழில் கேட்டதும் பையனின் கண் மாறியது. "இல்ல சார், நான் எடுக்கல. மூணு மாசச் சம்பளம் பாக்கி. கேட்டேன். அதுக்குத்தான்..." என்று தொடங்கினான். அவனுடைய வக்கீல், "அதெல்லாம் இப்போது வேண்டாம்" என்று நிறுத்தினார். அது சரிதான். சம்பளப் பாக்கி கேட்டதால் கம்பித் திருட்டு வழக்கு வந்ததா, அவன் கம்பியை எடுத்தானா, எங்களுக்குத் தெரியாது. விசாரணையில்தான் தெரிய வேண்டும். ஒப்புக்கொள்ளவில்லை, விசாரணை வேண்டும் என்று பதிவாயிற்று. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் அந்த விசாரணையே இல்லாமல் போக இருந்தது.

பழைய சட்டத்தின் 279ஆவது பிரிவு, புதியதில் 314ஆவது. குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் சாட்சியம் நடந்தால், அவருக்குப் புரிகிற மொழியில், திறந்த நீதிமன்றத்தில் அதை விளக்க வேண்டும் என்று அது சொல்கிறது. 'வேண்டும்' என்றுதான் சொல்கிறது. 'ஆள் கிடைத்தால் செய்யலாம்' என்று சொல்லவில்லை. இதைக் கல்லூரியில் படித்து மதிப்பெண் வாங்கியவர்கள் நாங்கள். அன்று அங்கே இடித்துத் தள்ளினால்தான் எழுந்தோம்.

மாஜிஸ்திரேட் அடுத்த தேதி சொல்லிக் கட்டை மூடப் போனார். அப்போது பையன் எங்கள் ஆளிடம் மெதுவாகக் கேட்டான்: "சார், ஜாமீன் கெடச்சிட்டுன்னு சொன்னாவ. பொறவு ஏன் என்னைய உள்ளயே வச்சிருக்காவ?"

அதை அப்படியே மொழிபெயர்த்தோம். அறையில் ஒரு நிமிஷம் பேச்சில்லை. கட்டைப் புரட்டினார்கள். உண்மைதான். 43 நாட்களுக்கு முன்னாலேயே ஜாமீன் கொடுத்தாகிவிட்டது. பதினைந்தாயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பத்திரம், அதே தொகைக்கு ஒரு ஜாமீன்தாரர். அந்த ஒரு ஜாமீன்தாரர் வரவில்லை. அதனால் ஜாமீன் கிடைத்தவன் 43 நாள் சிறையில் இருந்திருக்கிறான்.

"ஜாமீன்தாரர் கொண்டுவரச் சொன்னார்களே, உனக்குச் சொல்லவில்லையா?" என்று கேட்கச் சொன்னார் மாஜிஸ்திரேட். எங்கள் மொழிபெயர்ப்பாளர், "பிணையாளர் ஒருவரை ஏற்பாடு செய்யச் சொன்னது தெரியுமா?" என்று கேட்டார். பையன் விழித்தான். பிணையாளர் என்பது நாங்கள் எப்போதோ பேப்பரில் படித்த சொல். அவன் வாழ்க்கையில் அப்படி ஒரு சொல்லே இல்லை. வேறு எப்படிச் சொல்வது என்று தடுமாறி நின்றபோது பின்னாலிருந்து ஒரு பெண்மணியின் குரல்: "ஜாமீன் போட ஆள் கேக்காவய்யா!" திரும்பிப் பார்த்தோம். அவன் தாயார். காலையிலிருந்து எங்களுக்கு இரண்டு வரிசை பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் தமிழில் பேசியது அவர் காதில் விழுந்திருக்கிறது. கோட்டுப் போட்ட பிள்ளைகளிடம் பேசத் துணிவில்லாமல் இருந்துவிட்டார்.

இங்கிலீஷில் சட்டம் படித்து, வீட்டில் தமிழ் பேசி, இரண்டுக்கும் நடுவில் பாலம் போட முடியாமல் நின்ற எங்கள் நிலையை நினைத்து வெட்கப்பட்டோம்.

சாப்பாட்டு வேளையில் அந்த அம்மாவுடன் வராந்தாவில் உட்கார்ந்தோம். நாகர்கோவில் எக்ஸ்பிரசில் வந்தவர். தாராவியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருக்கிறார். மகனுக்கு ஜாமீன் கிடைத்த செய்தி தெரிந்ததுமே வந்துவிட்டார். ஜாமீன் போட யாரிடமெல்லாம் போனார் தெரியுமா? சொந்தக்காரர் ஒருவர் தயார். ஆனால் அவர் வாடகை வீட்டில் இருக்கிறார். ரேஷன் கார்டு ஊரில். ஆதாரில் ஊர் முகவரி. சம்பளச் சீட்டு கேட்டால் அவருக்குத் தினக்கூலி. இன்னொருவருக்குக் கார்டு இருக்கிறது. வீட்டுக்காரரின் கடிதம் கேட்டார்கள், வீட்டுக்காரர் கொடுக்கவில்லை. கோர்ட்டு வாசலில் ஒருவன், "ஜாமீன்தாரர் நான் தருகிறேன், மூவாயிரம்" என்றான். கொடுத்தார். அவனை அதற்குப் பிறகு காணவில்லை. பொய்யான ஆளைக் காட்டியிருந்தால் நிலைமை அதைவிட மோசமாகியிருக்கும், பணத்தோடு போயிற்று என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றோம். அந்த ஆறுதல் அவருக்குப் பிடிக்கவில்லை. மூவாயிரம் ரூபாய் போனவருக்கு அது எப்படிப் பிடிக்கும்?

பிறகு மடியில் வைத்திருந்த துணிப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட ஒரு காகிதத்தை எடுத்தார். பட்டா. ஊரில் நாற்பது சென்ட் புஞ்சை, அவர் பேரில். "இதக் காட்டுனேன்யா. இது எங்களுக்கு வாசிக்கத் தெரியாதுன்னுட்டாவ. இந்த ஊர்ச் சொத்து இருக்கான்னு கேக்காவ. இந்த ஊர்ல சொத்து இருந்தா எம் புள்ள ஏன்யா சென்ட்ரிங் வேலைக்கு வாரான்?"

தோழர்களே, இந்தக் கேள்வியைச் சுப்ரீம் கோர்ட்டே ஒரு காலத்தில் கேட்டிருக்கிறது. 1978ஆம் ஆண்டு, மோதிராம் வழக்கு. மத்தியப் பிரதேசத்தில் ஒரு கொத்தனார். அவருக்கு ஜாமீன் கொடுக்கச் சொன்னதே சுப்ரீம் கோர்ட்டுதான். மாஜிஸ்திரேட் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் வேண்டும் என்றார். அந்தக் காலத்தில் பத்தாயிரம் ரூபாய்! கொத்தனாரின் அண்ணன் தம்பி முன்வந்தபோது, உன் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளிவிட்டார். மறுபடி சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், தலைச்சேரியில் தொழிலாளர்களுக்காக வக்கீல் தொழில் நடத்தியவர், 1957இல் கேரளத்தில் மந்திரியாக இருந்தவர், தீர்ப்பு எழுதினார். ஒரு மலையாளியோ கன்னடரோ தமிழரோ தெலுங்கரோ போர்ட் பிளேரிலோ சாந்தினி சௌக்கிலோ கைதானால், அந்த ஊரில் சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்று கேட்டார். வேலை தேடி வந்தவருக்கு அங்கே யாரைத் தெரியும் என்று கேட்டார். சொந்த மாவட்டத்து ஆள்தான் வேண்டும் என்று கோர்ட்டுகள் பிடிவாதம் பிடித்தால் நாட்டின் ஒற்றுமையே குலையும் என்று கண்டித்தார். கொத்தனாரை ஆயிரம் ரூபாய்ச் சொந்தப் பத்திரத்தில் விடச் சொன்னார்.

அதற்கு 45 ஆண்டுகளுக்குப் பிறகு, 2023 ஜனவரி 31ஆம் தேதி, சுப்ரீம் கோர்ட்டு ஜாமீன் பற்றிச் சில கட்டளைகள் போட்டது. ஜாமீன் கிடைத்து 7 நாளில் வெளியே வராதவரைப் பற்றிச் சிறை அதிகாரி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் ஆகியும் பத்திரம் கொடுக்கவில்லை என்றால் கோர்ட்டு தானாகவே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி யோசிக்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர் வேண்டும் என்று வற்புறுத்துவது தாமதத்துக்கு ஒரு காரணம்; அப்படி நிபந்தனை போடாமலிருக்கலாம் என்றும் சொன்னது. 1978இல் சொன்னதை 2023இல் மறுபடி சொல்ல வேண்டி வந்தது என்றால், நடுவில் எத்தனை பேர் உள்ளே இருந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். 2022ஆம் ஆண்டின் அரசாங்கக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல் இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர்கள்.

நம் பையன் விஷயத்தில் 7 நாளும் தாண்டிவிட்டது, ஒரு மாதமும் தாண்டிவிட்டது. கடிதம் போயிற்றா, போய் எங்கேயாவது கிடந்ததா, எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பெரியவர்களுக்கு வேறொரு வழக்கு ஞாபகம் வரலாம். 1981 ஜூலையில், பம்பாய் நடைபாதையில் வசிப்பவர்களை அவரவர் சொந்த ஊருக்கே அனுப்பிவிடுவது என்று அன்றைய மகாராஷ்டிர முதலமைச்சர் அந்துலே அறிவித்தார். வெஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் நெடுஞ்சாலை ஓரத்தில் மனைவியோடும் மூன்று பெண்பிள்ளைகளோடும் குடியிருந்த ஒரு தமிழர், 1961இலேயே சேலத்திலிருந்து பிழைக்க வந்தவர், தஹிசரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் நாளொன்றுக்கு 23 ரூபாய் கூலி. அவர் குடிசையை இடித்து, ஜூலை 23ஆம் தேதி குடும்பத்தோடு சேலத்துக்கு பஸ் ஏற்றினார்கள். குடும்பத்தை அங்கே விட்டுவிட்டு வேலை தேடி அவர் திரும்பி வந்தார். சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனவர்களில் அவரும் ஒருவர். ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று நாங்கள் பாடமாகப் படிப்பது அதைத்தான். 1985 ஜூலையில் தீர்ப்பு. பிழைப்புக்கான உரிமை உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் முறைப்படி அறிவிப்புக் கொடுத்து நடைபாதையிலிருந்து அகற்றலாம் என்றும் சொல்லிவிட்டார்கள். பாதி வெற்றி என்பதா, கால் வெற்றி என்பதா? 1981இல், "உனக்கு ஊர் இருக்கிறது, அங்கே போ" என்று பஸ் ஏற்றினார்கள். இன்று கோர்ட்டு ஆபீசில், "உனக்கு இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்கிறார்கள். இரண்டுக்கும் நம்மிடம் காகிதம் இல்லை.

மத்தியானம் என்ன நடந்தது என்று சொல்கிறோம். பையனுக்கு இலவச சட்ட உதவியில் அமர்த்தப்பட்ட பெண் வக்கீல் நல்லவர். கையில் அன்றைக்கு ஒன்பது வழக்கு. இந்தப் பையனோடு ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் பேசியதில்லை. பேசியிருந்தாலும் மொழி இல்லை. மோதிராம் வழக்கையும் 2023 கட்டளையையும் நாங்கள் எடுத்துக் கொடுத்தோம். எங்களுக்குத் தெரியாததா என்பதுபோல் ஒரு பார்வை பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு வராந்தாவிலேயே மனு எழுதினார். நாலு மணிக்கு உத்தரவாயிற்று. ஐயாயிரம் ரூபாய் ரொக்கம் கட்டினால் விடலாம். ஜாமீன்தாரரைக் காட்ட இரண்டு மாத அவகாசம். ரொக்கத்துக்கு என்ன செய்வது? சொந்தக்காரர் இருவர் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கி வந்தார்கள். கவுண்டர் மூடிவிட்டது. மறுநாள் கட்டினார்கள். உத்தரவு சிறைக்குப் போய்ச் சேர்ந்து, மூன்றாம் நாள் காலை பையன் வெளியே வந்தான்.

இங்கே சங்கத்தில் சிலர் சொல்வது எங்கள் காதுக்கு வந்தது. "திருட்டு வழக்கில் சங்கம் தலையிடலாமா? நமக்குக் கெட்ட பேர் வராதா?" என்று. கெட்ட பேர் வரும் என்ற பயம் நமக்குப் புதிதல்ல. 1960களில் தென்னாட்டுக்காரனை விரட்டு என்று இந்த நகரத்தில் கூச்சல் எழுந்த காலத்திலிருந்து, தலையைக் குனிந்து நடந்தால் தப்பிக்கலாம் என்று ஒரு கூட்டம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. ஜாமீன் போடுவது, "இவன் குற்றமற்றவன்" என்று சான்று கொடுப்பதல்ல. "கூப்பிட்ட நாளில் இவன் வருவான்" என்று சொல்வதுதான். திருடினான் என்று நிரூபணமானால் தண்டனை அனுபவிக்கட்டும். நிரூபணமாவதற்கு முன்னால், ஆள் தெரியாத ஊரில் பிறந்த குற்றத்துக்காக அனுபவிக்க வேண்டாம் என்கிறோம்.

இதில் ஆபத்து இல்லை என்றும் சொல்ல மாட்டோம். ஜாமீன் போட்ட ஆள் ஓடிவிட்டால் பத்திரத் தொகை போட்டவர் தலையில் விழும். கோர்ட்டு நோட்டீஸ் வரும், கட்ட வேண்டியும் வரலாம். கண்ணை மூடிக்கொண்டு யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. குடும்பம் தெரிய வேண்டும், ஊர் தெரிய வேண்டும், வேலை செய்யும் இடம் தெரிய வேண்டும். ஆனால் ரேஷன் கார்டும் வரி ரசீதும் சம்பளச் சீட்டும் உள்ளவர்கள் இந்த மண்டபத்திலேயே நாற்பது பேராவது இருக்கிறீர்கள். உங்களில் பத்துப் பேர் பெயர் கொடுத்தால் போதும். சங்கம் விசாரித்துச் சொன்ன பிறகு முடிவெடுங்கள்.

சட்ட உதவி பற்றிப் பலருக்குத் தெரியவில்லை என்பதையும் கண்டோம். 1976இல் அரசியல் சட்டத்தில் 39-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அதன்படி 1987இல் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் வந்தது. அது 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர், காவலில் இருப்பவர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே வக்கீல் உண்டு. காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். வக்கீல் வந்தபின், "எனக்குத் தமிழ்தான் தெரியும்" என்பதை முதல் நாளே எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். கூண்டில் நிற்கும்போது புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்லச் சொல்லுங்கள். "சமஜ் மே நஹீன் ஆயா, தமிழ்" என்ற ஐந்து சொல்லை நம் பிள்ளைகளுக்கு "ஹாங் சாப்" கற்றுக்கொடுக்கும்போதே சேர்த்துக் கற்றுக்கொடுங்கள். வழக்குக்கு 16 எழுத்தும் எண்ணும் கொண்ட சி.என்.ஆர். நம்பர் ஒன்று உண்டு. அதைக் குறித்துக்கொண்டால் அடுத்த தேதியைச் செல்போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். வாசலில் நிற்பவனுக்கு நூறு ரூபாய் கொடுக்க வேண்டியதில்லை.

இனி ஒரு வேண்டுகோள். பையனின் தாயார் தானே ஜாமீன்தாரராக நிற்கிறேன் என்கிறார். அந்த நாற்பது சென்ட் பட்டாவைத்தான் காட்டப்போகிறோம். வேறு மாவட்டத்துச் சொத்து என்று தள்ள முடியாது என்று வாதாட வக்கீல் அம்மாவும் தயார். பட்டாவை மராத்தியில் மொழிபெயர்த்துக் கொண்டுவரச் சொன்னார்கள். அந்த வேலையை நாங்கள் எடுத்துக்கொண்டோம். 'புஞ்சை' என்ற இடத்தில் முட்டிக்கொண்டு நின்றோம். இந்த மாநிலத்து நிலப் பத்திரமான சாத்-பாராவில் மழையை நம்பிய நிலத்தை 'ஜிராயத்' என்று போடுகிறார்கள் என்று கல்லூரியில் எங்களோடு படிக்கும் சாத்தாரா நண்பர் சொன்னார், அப்படியே எழுதியிருக்கிறோம். 'சென்ட்' என்பதை 'குண்டா' கணக்கில் மாற்றியிருக்கிறோம். நாற்பது சென்ட் பதினாறு குண்டா. மராத்தி வழியில் படித்தவர்களும், தாலுகா ஆபீஸ் காகிதம் பழகிய பெரியவர்களும் கூட்டம் முடிந்ததும் அதை ஒருமுறை சரிபார்த்துக் கொடுக்க வேண்டும். நகல் எங்களிடம் இருக்கிறது. அவகாசம் முடிய இன்னும் ஐந்து வாரம். அதற்கு முன்னால் ஒரு தாரிக் இருக்கிறது, வருகிற பதினெட்டாம் தேதி. அன்று எங்களுக்குப் பரீட்சை. காலை பத்தரை மணிக்கு அந்த அம்மாவுடன் போய் நிற்கத் தமிழும் மராத்தியும் தெரிந்த ஒருவர் வேண்டும்.